கனகவல்லிக்கு ஆடி அழைப்பு

சிட்டிபாபுவின் செவலைப் பசு ஒரு வருஷத்துக்கும் மேலாக அரைக்கீரை தின்றுகொண்டிருந்தது. வைக்கோலும் தவிடும் தின்கிற மாட்டுக்குத் தினமும் காலையில் பச்சைப் பசேலென்று ஒரு கட்டு. யார் போடுகிறார்கள் என்று சிட்டிபாபுவுக்குத் தெரியாது. அது தன் அம்மா அறுத்து, கட்டி, விற்ற கீரை என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே சத்தம் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பான். நல்ல வேளை, தெரியவில்லை.

அம்மாவின் பெயர் கனகவல்லி. அறுபதைத் தாண்டியாகிவிட்டது, பார்த்தால் சொல்ல மாட்டீர்கள். வெயிலில் கிடந்து உழைத்த உடம்பு ஒன்று சீக்கிரம் தளர்ந்துபோகும், இல்லையென்றால் தளரவே தளராது. இவளுடையது இரண்டாவது ரகம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏரியை ஒட்டி இவள் புருஷன் வீட்டுக்கு ஒரு காலத்தில் நெல் வயல் இருந்தது. ரோடு அகலமாக அகலமாக வயல் குறுகிக்கொண்டே வந்து, ப்ளாட் போட்டு விற்றது போக ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. நாலு பக்கமும் அடுக்குமாடி, நடுவில் கீரைப் பாத்தி. மேல்மாடியில் துணி காயப்போட வருகிற பெண்கள் கயிற்றில் பையைக் கட்டி இறக்கி, "அக்கா, ரெண்டு கட்டு சிறுகீரை" என்பார்கள். கீரை பையில் ஏறும். ஊர்க் கதையும் கூடவே ஏறும்.

சிட்டிபாபுவுக்கு ஜல்லி மணல் வியாபாரம், மூன்று போர்ஷன் வாடகை, அப்பா வைத்துவிட்டுப் போன மாடுகள். அம்மன் கோயில் கமிட்டியிலும் அவன்தான் முன்னால் நிற்பான். ஒரு முறையை விட மாட்டான். பொங்கலுக்குக் கரும்பு கட்டுவதானாலும் சாவு வீட்டுக்குக் கோடி எடுப்பதானாலும் அவனைக் கேட்டுத்தான் செய்வார்கள். அவன் அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான்.

"உனுக்கு இன்னாமா கொறச்சல்? வூட்ல குந்து, டிவி பாரு. கீரை வித்துகினு கீறியே, பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"குந்தினா முட்டி புடிச்சிக்கும்டா. உன் டிவி வந்து தைலம் தேச்சு வுடுமா?" என்பாள்.

புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அழ வேண்டிய அளவு அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு கீரைதான்.

அப்படி இருந்தவளிடம் தினமும் காலையில் ஒருவர் வந்து ஒரே ஒரு கட்டு அரைக்கீரை வாங்குவார். வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், காலில் கேன்வாஸ் ஷூ. பெயர் குமரேசன். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டாள். ஒரே மகள் ரேஷ்மா சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே புருஷனோடு ஃப்ளாட். இவர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு சந்தில், தானே கட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தார். காலை நடை ஏரிக்கரை வரை. நடையின் முடிவில் கீரை.

"சார், நேத்து கீரை எப்படி இருந்துது?" என்று கேட்பாள் கனகவல்லி.

"பிரமாதம்மா. அப்படியே வெண்ணெய்."

"இன்னா பண்ணீங்க? கடஞ்சீங்களா, பொரிச்சீங்களா?"

"ரெண்டும் கலந்த மாதிரி" என்பார். சொல்லிவிட்டு நிற்க மாட்டார், நடந்துவிடுவார்.

கனகவல்லிக்கு அந்தப் பதிலே சரியாகப் படவில்லை. கடைந்ததும் பொரித்ததும் கலந்தால் அது என்ன பதார்த்தம்? ஒரு நாள் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று மகனிடம் சொல்ல வீட்டுக்குக் கிளம்பினாள். தெரு முனையில் திரும்பினால், அவள் வீட்டு வாசலில், அவள் வீட்டு மாட்டின் முன்னால், கேன்வாஸ் ஷூ நிற்கிறது. வாழைநாரை அவிழ்த்து, கீரையைக் கை கையாக மாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார் மனுஷன். கூடப் பேச்சு வேறு.

"வெண்ணெய் மாதிரி கீது இல்ல? அந்தம்மாவாண்ட சொல்லிடறேன்."

கனகவல்லி பின்னால் போய் நின்றாள். "கடஞ்சதா சார், பொரிச்சதா?"

குமரேசன் திரும்பிப் பார்த்து, கையில் இருந்த கீரையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் திணித்தார். மாடு பையையும் சேர்த்துக் கவ்வ வந்தது.

"எனக்குக் கீரை ஆய வராதும்மா. மண்ணு போவ மாட்டேங்குது. ஒரு வாட்டி செஞ்சேன், பல்லுல நறநறன்னுச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குத் தினம் வாங்கறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் மாட்டின் கொம்பையே பார்த்தார். "கீரை வாங்கினாதானே நீங்க ரெண்டு வார்த்த பேசறீங்க. சும்மா வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

கனகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருஷமாகத் தன் கீரை தன் வீட்டு மாட்டுக்கே போயிருக்கிறது! போதாக்குறைக்கு அந்தப் பாலைத்தான் தினமும் காபியில் ஊற்றிக் குடித்திருக்கிறாள்.

மோட்டாரைச் சரி செய்ய மகன் வரவில்லை. குமரேசன்தான் வந்தார். சட்டையைக் கழற்றி வரப்பில் மடித்து வைத்துவிட்டு, பனியனோடு குனிந்து மோட்டாரைப் பிரித்தார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் சளசளவென்று பாத்தியில் ஓடியது. கைமாறாக அவள் மறுநாள் ஒரு தூக்கில் கீரைக் கடைசல் கொண்டுவந்தாள். பூண்டு தட்டிப் போட்டது, மண்சட்டியில் மத்தால் கடைந்தது. வரப்பில் உட்கார்ந்து, தான் கொண்டுவந்திருந்த சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்து போனபோதுகூட நிமிரவில்லை.

பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த முனியம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். முனியம்மா உறவில் கனகவல்லிக்கு நாத்தனார் முறை. பக்கத்து வீடு, கூட வேலை செய்கிறவள். அவள் வாயில் விழுந்தால் கல்லும் பேசும்.

"இன்னா அண்ணி, மாட்டுக்குப் போடறதை நிறுத்திட்டு மனுஷனுக்குப் போட ஆரமிச்சிட்டியா?"

"களையப் புடுங்குடி."

"நான் களையத்தான் புடுங்கறேன். நீ இன்னாமோ நாத்து நட்டுகினு கீற."

அந்த நாற்று வேர் பிடிக்க ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் ஆயிற்று. அவர் ஜங்ஷன் கடையிலிருந்து ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவருவார். இவளுக்குச் சர்க்கரை தூக்கல், முனியம்மாவுக்கு இஞ்சி. மழை வந்தால் மூன்று பேரும் தார்பாய்க்கு அடியில் ஒண்டிக்கொண்டு ஊர்ப் பேச்சு பேசுவார்கள். எத்தனை கடைசல் சாப்பிட்டாலும் தினம் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கி மாட்டுக்குப் போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. "பாவம், பழகிடுச்சு" என்பார்.

பங்குனி மாசம் ஒரு நாள், முனியம்மா வராத நாளாகப் பார்த்து, டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"கனகா, ஒண்ணு கேக்கறேன். சமைக்க ஆள் வேணும்னு கேக்கல. சோறும் ரசமும் முட்டையும் எனக்கே செய்ய வரும். துணி தொவைக்க மிஷின் இருக்கு. பேசத்தான் ஆள் வேணும்."

"அதான் தினம் பேசிகினுதானே கீறோம் சார்."

"இது காலையில. வௌக்கு வெச்சப்புறம் பேச ஆளில்லையே. ஆறு மணிக்கு மேல ஏதாவது ஞாபகம் வந்தா, காலையில உங்கிட்ட சொல்லணும்னு முடிச்சு போட்டு வெச்சுக்கறேன். தூங்கி எழுந்தா மறந்து போவுது. வயசாச்சில்ல?"

கனகவல்லி டீயைக் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு போகும் வரை பாத்தியைப் பார்த்தாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தும், அவளுக்கும் ஆறு மணிக்கு மேல் பேச ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மகன் போனில் இருப்பான், மருமகள் அடுப்படியில் இருப்பாள், டிவி தனக்குத்தானே கத்திக்கொண்டிருக்கும்.

"ஊர் சிரிக்கும் சார்" என்றாள்.

"சிரிக்கட்டுமே. நாமளும் சேந்து சிரிப்போம்."

சிட்டிபாபு சிரிக்கவில்லை. அம்மா சொல்லி முடித்ததும், கையில் இருந்த பால் கேனைத் தரையில் ஓங்கி வைத்தான்.

"இன்னா பேச்சு பேசற? கோயில் கமிட்டில நான் எப்டி நிப்பேன்? ஊரே என்னை வந்து முறை கேட்டுகினு போவுது. என் வூட்லயே முறை தப்பினா? அந்தாளை நான் இன்னானு கூப்புடணும்? அப்பான்னா? எங்கப்பா படத்துல மாலை காயல!"

"நீ ஒண்ணும் கூப்புட வாணாம். எனுக்குத்தான் கூப்புட ஆள் வேணும்" என்றாள் கனகவல்லி. குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கோபம்.

"அப்ப இந்த வூட்டு வாசப்படிய மறந்துடு."

மருமகள் சுபத்ரா சமையலறை நிலைப்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தைக்காகப் பேச வாய் வந்தது, புருஷன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அதற்கும் ஒரு காலம் வரும் என்று அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரப் பெண்.

வைகாசியில் தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சாட்சிக்கு ரேஷ்மா, அவள் புருஷன், கூடவே முனியம்மா. ரேஷ்மா வாசலிலேயே, "அம்மான்னு கூப்பிடட்டுமா ஆன்ட்டி? ஒரு மாதிரியா இருந்தா ஆன்ட்டியே ஓகே" என்றாள். "எது வாய்க்கு வருதோ அது" என்றாள் கனகவல்லி. அதற்குப் பிறகு ரேஷ்மா "ஆன்ட்டிம்மா" என்று இரண்டையும் சேர்த்தே கூப்பிட்டாள்.

கேம்ப் ரோட்டுச் சின்ன வீட்டில் விளக்கு வைத்தபின் பேச்சு ஆரம்பித்தது. நாற்பது வருஷ ரயில் கதை அவரிடம், நாற்பது வருஷக் கீரைக் கதை இவளிடம். இவள் வெண்டைக்காய் நறுக்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்து காம்புகளைப் பொறுக்குவார். கீரை ஆயக் கற்றுக்கொண்டார். மண் போக எத்தனை தண்ணீர் அலச வேண்டும் என்று ஒரு ஃபிட்டருக்கு உரிய கவனத்தோடு கேட்டுக்கொண்டார். காலையில் இரண்டு பேருமாக நடந்தே பாத்திக்கு வருவார்கள். அவளுக்கு இப்போதும் அவர் "சார்"தான். "புருஷனை எவளாவது சாருன்னு கூப்புடுவாளா?" என்று முனியம்மா கேட்டால், "பழகிடுச்சுடி, மாட்டுக்குக் கீரை மாதிரி" என்பாள்.

எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இல்லை. தன் வீட்டுத் தெருவில் நுழைய முடியவில்லை. அவள் பாத்தியில் இருக்கிற நேரத்தில் சிட்டிபாபு அந்தப் பக்கமே வர மாட்டான். எதிரில் வண்டி வந்தால் வேறு சந்தில் திருப்பிவிடுவான். மாட்டுக்குக் கீரை போடுகிறவர் யார் என்று ஒரு நாள் தெரிந்துபோய், மாட்டை வாசலிலிருந்து அவிழ்த்துப் பின்கட்டில் கட்டிவிட்டான்.

மாடு விடவில்லை. காலை ஏழு மணி ஆனால் பின்கட்டிலிருந்து கத்த ஆரம்பித்துவிடும். தெருவே எழுந்துகொள்ளும். பால் குறைந்தது. சிட்டிபாபு தானே கடையில் கீரை வாங்கிவந்து போட்டுப் பார்த்தான். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். "இந்த மாட்டோட ஒரே பேஜாரு" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை முனியம்மா பாத்தியில் வந்து நடித்துக் காட்டினாள். குமரேசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கனகவல்லி சிரித்தாள், பிறகு மடியில் இருந்த கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி கடைசிக்கு வந்தது. காற்று மாறிற்று. மேல்மாடித் துணிகள் எல்லாம் ஒரு பக்கமாகப் பறந்தன. கோயிலில் கூழ் வார்க்கப் பந்தல் கால் நட்டுவிட்டார்கள். கடைகளில் புதுப்பெண்களை அழைக்கச் சீர் வாங்கும் கூட்டம். ஆடி மாசம் புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? மாப்பிள்ளைக்கு முதல் நாள் விருந்தும் ஆடிப்பாலும் கொடுத்து, பெண்ணை ஒரு மாசம் நிறுத்திக்கொள்வார்கள்.

பாத்தியில் அந்தப் பேச்சு வந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த குமரேசன் விளையாட்டாகச் சொன்னார்.

"நானும் புது மாப்பிள்ளைதானே முனியம்மா? என்னை எவனும் கூப்புடலையே. பெரியவங்க சொல்லிக்கீறாங்க: ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப் புடிச்சு செருப்பால அடின்னு. நான் யாரைத் தேடறது?"

முனியம்மா சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போயிற்று. கனகவல்லி மட்டும், "சும்மா இருங்க சார்" என்றாள்.

சும்மா இருக்க முனியம்மாவுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அது சிட்டிபாபுவின் காதுக்குப் போயிற்று. போகிற வழியில் கொஞ்சம் பெருத்தும் போயிற்று. அங்கே நடந்ததைப் பிறகு சுபத்ராதான் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

சிட்டிபாபு பாதிச் சோற்றில் கையை உதறினானாம். "செருப்பால அடிப்பானாமா? யார? என்னையா?"

"உன்ன எதுக்கு? மாமியாரைத்தான். நீயா மாமியாரு?" என்றாளாம் முனியம்மா.

"இந்த வூட்ல முறை செய்யத் தெரியாதுன்னு பேசறானா? எந்த வூட்டுக்கு எது செய்யணும்னு ஊருக்கே சொல்றவன் நான்!"

"அதான் சொல்றான் அந்தாளு. ஊருக்கெல்லாம் சொல்றான், சொந்த வூட்டுப் பொண்ண அழைக்கலயேன்னு." இந்தக் கடைசி வாக்கியம் குமரேசன் சொன்னதே இல்லை. முனியம்மா சொந்தச் சரக்கு.

அவள் போனபின் சுபத்ரா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காம கேளுங்க. நமக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஆனி கடைசி நாளே அத்தை எனக்குப் பொட்டி கட்டி வெச்சுட்டாங்க. எங்கப்பா வர்றதுக்கு முன்னாடியே. ஏன் அத்தை இவ்ளோ அவசரம்னு கேட்டேன். அவங்க கல்யாணமான வருஷம், அவங்க அப்பா வேங்கைவாசல்லேந்து சீர்த்தட்டு எடுத்துகிட்டு நடந்தே வந்தாராம். விதைக்கிற நேரம், ஆள் பத்தாதுன்னு உங்க பாட்டி அனுப்ப மாட்டேன்னுட்டாங்களாம். தட்டை வாங்கி வெச்சுகிட்டு மனுஷனைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வயலுக்குள்ள நின்னு, அப்பா வரப்புல திரும்பிப் போறதைப் பாத்தாங்களாம். பதினேழு வயசு. அடுத்த ஆடிக்குள்ள அவர் இல்ல. அத்தை ஆடிக்கு அம்மா வீடு போனதே கெடையாது."

சுவரில் அப்பா படம். அதற்குப் பக்கத்தில் பாட்டி படம். சிட்டிபாபு பாட்டியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

"அவங்களுக்கு இப்ப அம்மா இல்ல, அண்ணன் தம்பி இல்ல. அவங்க கல்யாணம் ஆகிப் போனது இந்த வீட்டுலேந்து. அப்ப எது தாய் வீடு? முறை தெரிஞ்சவரு நீங்க, நீங்களே சொல்லுங்க."

அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய் மாட்டைத் தடவிக்கொண்டு வெகு நேரம் நின்றானாம்.

மறுநாள், ஆனி மாசத்தின் கடைசி நாள். கேம்ப் ரோட்டு வீட்டில் கனகவல்லி வத்தக் குழம்பு கொதிக்க விட்டிருந்தாள். சந்துக்குள் ஒரு குட்டியானை வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கரண்டியோடு வாசலுக்கு ஓடினாள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். "சார், நீங்க உள்ளயே இருங்க" என்றாள். குமரேசன் அதற்குள் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது முனியம்மா. அடுத்து சுபத்ரா, கையில் பெரிய தாம்பாளம். பச்சை நிறப் பட்டுப்புடவை, வேட்டி சட்டை, வாழைப்பழம், தேங்காய், வெல்லம், வெற்றிலை பாக்கு, பந்து பந்தாகக் கதம்பம். கடைசியில் சிட்டிபாபு இறங்கினான். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. சம்பந்தி வீட்டுக்குப் போகிறவன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றான். அம்மாவைப் பார்க்கவில்லை. குமரேசனைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த கதவைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்கு ஆடி ஒண்ணு. எங்க வூட்டுப் பொண்ணை அழைச்சுகினு போலாம்னு வந்தோம்."

கனகவல்லியின் கையில் இருந்த கரண்டி சொட்டுச் சொட்டாக வாசலில் வடிந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. தட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், சுபத்ராவைப் பார்த்தாள். சுபத்ரா கண்ணைச் சிமிட்டினாள். அப்போது புரிந்தது. வரப்பில் திரும்பிப் போன ஒரு மனுஷரின் முதுகு ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அவர் திரும்பி நடந்துவந்தது மாதிரி இருந்தது.

"இன்னாடா, இவ்ளோ லேட்டா வர?" என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"ட்ராஃபிக்" என்றான் சிட்டிபாபு.

குமரேசன் எல்லோரையும் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், ஃபேனைப் போட்டார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் அவர் மண்டையில் உறைத்தது.

"அழைச்சுகிட்டுப் போறதுன்னா... நாளைக்குச் சாப்பிட்டு சாயங்காலம் வந்துடலாம்ல?"

"அது எப்டி?" சிட்டிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். இது அவனுடைய பேட்டை. "ஆடி முச்சூடும் பொண்ணு தாய் வூட்லதான் இருக்கணும். ஆவணி பொறந்துதான் அனுப்புவோம். முறைன்னா முறை."

"ஒரு மாசமா?" குமரேசன் முகம் விழுந்துவிட்டது. விளக்கு வைத்தபின் பேச ஆள் கிடைத்தே இரண்டு மாசம்கூட ஆகவில்லை. "இல்ல தம்பி, அதெல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்கு..."

"நீங்கதானே சார் கேட்டீங்க? தேடிப் புடிச்சு செருப்பால அடிப்பேன்னு?"

குமரேசன் முனியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். முனியம்மா கூரையைப் பார்த்தாள்.

"எதுக்குடா பிரிச்சு வெக்கறது?" என்று கூரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஆடில சேந்திருந்தா சித்திரைல புள்ள பொறக்கும்னு பயந்துதானே வெச்சாங்க? உங்கம்மாளுக்கு அந்த பயம் கீதா? சொல்லு அண்ணி, கீதா?"

சுபத்ரா தாம்பாளத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். கனகவல்லி கையில் இருந்த கரண்டியாலேயே முனியம்மாவை அடிக்கப் போனாள். குமரேசன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி திருகினார். அது பேட்டரிக் கடிகாரம். சிட்டிபாபு காது சிவக்க, "நான் வண்டியத் திருப்பறேன்" என்று வெளியே ஓடிவிட்டான்.

ஆனாலும் கனகவல்லி போனாள். போகத்தான் ஆசை. "ஒரு மாசந்தானே சார், குழம்பை எறக்கி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, பச்சைப் பட்டோடு குட்டியானையின் முன் சீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முனியம்மா பின்னால் ஜல்லி ஏற்றுகிற தட்டில் நின்றுகொண்டு, வழியெல்லாம் தெரிந்தவர்களிடம், "பொண்ணு அழைச்சுகினு போறோம்!" என்று கூவிக்கொண்டே வந்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிட்டிபாபு தலையைக் குனிந்துகொள்வான் என்று கனகவல்லி நினைத்தாள். அவன் ஹாரன் அடித்தான்.

மறுநாள் விருந்து. வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல். கனகவல்லி வேண்டாம் வேண்டாம் என்றும் அவளையே உட்கார வைத்து சுபத்ரா பரிமாறினாள். தேங்காய்ப் பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்ட ஆடிப்பாலை வெள்ளி டம்ளரில் ஊற்றி, மாமியார் ஸ்தானத்தில் நின்று, முப்பத்தைந்து வயது சுபத்ரா தன்னைவிட இரண்டு மடங்கு வயசான மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். "செருப்பு வெளிய பத்திரமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். குமரேசனுக்குப் புரை ஏறிவிட்டது. அப்பா படத்துக்கு அன்று புது மாலை. குமரேசன் சாப்பிட உட்காரும் முன், தானாகவே அந்தப் படத்தின் முன் போய் ஒரு நிமிஷம் கை கூப்பி நின்றார். சிட்டிபாபு அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவர் இலையில் வடை தீரத் தீர வைத்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் புது வேட்டி சரசரக்க மாப்பிள்ளை தனியாகக் கிளம்பிப் போனார். தெரு முனை திரும்பும் வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

புதுப்பெண் வேலை செய்யக்கூடாதாம். பாத்திப் பக்கம் போகக்கூடாது என்று சுபத்ரா சொல்லிவிட்டாள். கனகவல்லி தலை வாரிக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள், மருமகளோடு பேசினாள், தூங்கினாள். ராத்திரி எட்டு மணிக்கு சிட்டிபாபு டிவியை நிறுத்திவிட்டு வந்து, "அந்த ஷெட்ல அவரு இன்னா வேலை பாத்தாரு?" என்று கேட்டான். அவள் ரயில் கதையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, சொன்னவரின் குரல் பக்கத்தில் இல்லாதது தெரிந்தது. இங்கே இருந்தால் அவர் இல்லை, அங்கே இருந்தால் இவர்கள் இல்லை. இப்படியா ஒரு சந்தோஷத்துக்கு இரண்டு கரை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலையில் மாடு வாசலில் கட்டியிருந்தது. சிட்டிபாபுவே கொண்டுவந்து கட்டியிருக்கிறான்.

கனகவல்லி கோலம் போட வந்தாள். மாட்டுக்கு அந்தப் பக்கம் கேன்வாஸ் ஷூ தெரிந்தது.

"கீரை முனியம்மாகிட்ட வாங்கினேன்" என்றார் குமரேசன், குற்றவாளி மாதிரி. "மாடு கத்தும்னு வந்தேன். உன்னைப் பாக்க வரல. முறை தப்பல."

"ராத்திரி சாப்டீங்களா?"

"சாப்டேன். அந்தக் குழம்பைத்தான் சுட வெச்சுக்கறேன். கனகா, ஒண்ணு சொல்லணும்னு முடிச்சு போட்டு வெச்சேன். மறந்துடுச்சு."

"நின்னு யோசிங்க. நான் கோலம் போடறேன்."

நின்றார். அவள் ஒரு புள்ளிக் கோலத்தை எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டாள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். கோலம் நாளுக்கு நாள் பெரிதாகி, தெருவில் பாதியை அடைத்துக்கொண்டது. பால்கார வண்டி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. மாடிப் பெண்கள் காபி டம்ளரோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை, கோயிலில் கூழ் வார்க்கிற நாள். சிட்டிபாபு கூழ் அண்டா ஏற்ற வண்டியை எடுக்க வெளியே வந்தான். கோலம் கதவு வரை வந்திருந்தது. கால் வைக்க இடமில்லை. மாட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அம்மா. இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள், திருடியபோது மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி.

சிட்டிபாபு கோலத்தைப் பார்த்தான். அம்மாவின் தலையில் இருந்த கதம்பத்தைப் பார்த்தான். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று பங்குனியிலிருந்து அவன் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு, முறை தெரிந்த அவன் மூளை கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. பெண் வீட்டுக்காரன் வேறு எப்படிக் கூப்பிடுவான்?

"மாப்ளே" என்றான்.

குமரேசன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

"உங்களத்தான். இன்னாத்துக்கு வெளிய நிக்கறீங்க?"

"ஆடி முடியலையே தம்பி."

"பொண்ணு தாய் வூட்ல இருக்கணும்னுதான் முறை. மாப்ளை அங்க வந்து தங்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. நான் பூசாரியக் கேட்டுட்டேன்." பூசாரியை அவன் கேட்கவே இல்லை, முனியம்மாவோடு பழகினால் யாருக்கும் இது வரும். "துணிமணி எடுத்தாரணும்னா கூழு ஊத்திட்டு வண்டில போலாம். மாடி போர்ஷன் காலியாத்தான் கீது. கீரையக் குடுங்க இப்டி. அம்மா கையால கடஞ்சு சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு எனுக்கு."

குமரேசன் கனகவல்லியைப் பார்த்தார். அவள் கோலமாவுக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள், முகமெல்லாம் வெள்ளை. அவர் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். கோலத்தை மிதிக்காமல், ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தாண்டித் தாண்டி வந்தார். சிட்டிபாபு கை நீட்டினான். பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

அப்படியாக, அவர் வாங்கிய அரைக்கீரை முதல் முறையாக மாட்டைத் தாண்டி அந்த வீட்டுக்குள் போயிற்று. பின்னால் மாடு தெருவே அதிரக் கத்தியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.